திறந்த மூலக் கூறுகளை எதை வைத்து நம்புவது?

"கொழும்பு" என்ற சொல்லின் முதல் எழுத்தைப் போன் எப்படி வைத்திருக்கிறது தெரியுமா? "க" ஒன்று, அதற்குப் பின்னால் ஒகரக் குறி ஒன்று. அவ்வளவுதான். அந்தக் குறியைப் பிளந்து, ஒற்றைக் கொம்பை இடப்பக்கமும் அரவை வலப்பக்கமும் வைத்தால்தான் நாம் வாசிக்கக்கூடிய "கொ" வரும். அண்ட்ரொய்டிலும் பயர்பொக்ஸிலும் லிப்ரே ஒபிஸிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ப்பஸ் என்ற சிறிய மென்பொருள். அண்ட்ரொய்டில் அதற்கு அடுத்தபடியாக எழுத்தின் வளைவுகளைத் திரையில் புள்ளிகளாக்கிப் போடுவது பிரீடைப். இரண்டும் திறந்த மூலம்: அவற்றின் நிரலை எவரும் வாசிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் விலை இல்லை. தினமும் தமிழ் வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பெயர்களைக் கேட்டதே இல்லை.

2025 மார்ச்சில் பிரீடைப்பின் 2.13.0 வரையான பதிப்புகளில் ஒரு ஓட்டை இருப்பதாக பேஸ்புக் அறிவித்தது. ஒருவகை எழுத்துருக் கோப்பைத் திறக்கும்போது தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்துக்கு வெளியேயும் அது எழுதிவிடும். அதை யாரோ ஏற்கெனவே தாக்குதலுக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்றும் அந்த அறிவிப்பு சொன்னது. அதற்குப் பிந்திய பதிப்புகளில் அந்த ஓட்டை இல்லை. ஆனாலும் பழைய பதிப்பு எத்தனையோ பொருட்களின் வயிற்றுக்குள் அப்படியே கிடந்தது. அண்ட்ரொய்டுக்கான திருத்தம் மே மாதப் பாதுகாப்பு அப்டேட்டில்தான் வந்தது.

இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் இரண்டு பேச்சு எழும். "இலவசமாகக் கிடைப்பதை எப்படி நம்புவது?" என்பது ஒன்று. "எல்லோரும் பார்க்கக்கூடிய நிரலில் எப்படிக் களவு நடக்கும்?" என்பது மற்றது. இரண்டுமே பிரச்சினை இருக்கும் இடத்தைத் தொடுவதில்லை. கொழும்பில் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதும் அலுவலகங்களுக்கோ இதே விஷயம் கேள்விக்கொத்தாக வருகிறது: உங்கள் பொருளுக்குள் என்னென்ன கூறுகள் இருக்கின்றன? அவற்றை யார் பராமரிக்கிறார்கள்? ஓட்டை தெரியவந்தால் எத்தனை மணிநேரத்தில் சொல்வீர்கள்? பதில் எழுத உட்காருகிறவர் அடிப்படையிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

முதலில் சில சொற்கள்

யாழ்ப்பாணத்துக் கறித்தூளை நினைத்துக்கொள்ளுங்கள். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள். மிளகாயை நாம் விளைவிப்பதில்லை; கடையில் வாங்குகிறோம். மென்பொருளில் இப்படி வெளியிலிருந்து எடுத்துப் போடும் ஒவ்வொரு துண்டும் ஒரு கூறு. லைப்ரரி, மொடியூல், பக்கேஜ் என்று பல பெயரில் வரும். நம் நிரல் ஒரு கூறை நம்பி நின்றால் அது சார்பு. நாம் கேட்டு எடுத்தது நேரடிச் சார்பு. நாம் எடுத்த கூறு தனக்காக எடுத்து வந்தது மறைமுகச் சார்பு. சாதாரணமான ஒரு இணையச் செயலிக்கு முப்பது கூறுகளைக் கேட்டு எடுத்தால், அவற்றின் பின்னால் நூற்றுக்கணக்கில் வந்து இறங்குவது வழக்கம்.

மனிதர் எழுதி, மனிதர் வாசிக்கக்கூடிய வடிவம் மூலநிரல். அதைக் கணினியில் ஓடும் வடிவமாக மாற்றுவது கட்டமைத்தல். மிளகாய்க்கும் தூளுக்கும் நடுவில் மில் இருப்பதுபோல இது. ஆக்கி முடித்த பொதிகளை வைத்திருக்கும் இடம் களஞ்சியம்: ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், பைத்தனுக்குப் பைபிஐ, ஜாவாவுக்கு மேவன் சென்ட்ரல். ஒரு கூறில் எதைச் சேர்ப்பது, எப்போது வெளியிடுவது என்று முடிவெடுப்பவர் பராமரிப்பாளர். பெரிய திட்டங்களில் இது ஒரு குழு. உலகம் முழுக்க ஓடுகிற பல சிறு கூறுகளில் இது ஒரே ஒரு ஆள், அதுவும் வேலை முடிந்து வந்து இரவில் உட்காருகிற ஆள்.

பார்க்கலாம் என்பதும் பார்த்தார்கள் என்பதும்

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானது. இணையத்தில் பூட்டுப் படத்தோடு வரும் தளங்களில் பெரும்பங்கு அப்போது ஓபன்எஸ்எஸ்எல் என்ற கூறை நம்பியிருந்தது. "நான் உயிரோடு இருக்கிறேன், நீ இருக்கிறாயா?" என்று இரண்டு கணினிகள் கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு வசதிதான் அதில் பிழைத்த இடம். நாலு எழுத்தை அனுப்பிவிட்டு "நான் அனுப்பியது அறுபதாயிரம் எழுத்து, திருப்பித் தா" என்றால், சேர்வர் சரிபார்க்காமல் தன் நினைவகத்திலிருந்து அள்ளிக் கொடுத்துவிடும். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை. அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், சாவியும் இருக்கலாம்.

அந்த நிரல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது. யாரும் மறைக்கவில்லை. உட்கார்ந்து வாசிக்க ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான். அதுவரை ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 டொலர். இந்தச் செய்திக்குப் பிறகுதான் பெரிய கம்பனிகள் சேர்ந்து, லினக்ஸ் பவுண்டேஷன் ஊடாக முக்கியமான கூறுகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின.

ஹார்ட்பிளீட் ஒரு தவறு. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. பத்து ஆண்டுகள் கழித்து வந்தது வேறு ஜாதி.

மில்லுக்குள் நடந்தது: எக்ஸ்இசட் விவகாரம்

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் ஒருவர். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

1. 2021இல் "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். திருத்தங்கள் அனுப்பினார். நல்ல திருத்தங்கள்தான்.

2. 2022இல் வேறு சில பெயர்களிலிருந்து பராமரிப்பாளருக்கு நச்சரிப்பு வரத் தொடங்கியது: வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, தன் மனநலமும் சரியில்லை என்று அவர் பொதுவிலேயே எழுதினார். பொறுப்பு மெல்ல மெல்ல ஜியா டானிடம் போனது. நச்சரித்த பெயர்கள் பிறகு காணாமல் போயின.

3. 2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகள் வெளியாயின. எல்லோரும் பார்க்கும் மூலநிரலில் சந்தேகப்படும்படி ஒன்றும் தெரியாது. சோதனைக்கென்று வைத்த கோப்புகளுக்குள் நஞ்சு பொதிந்திருந்தது; அவற்றில் ஒன்றின் பெயரே "பழுதான கோப்பு". சோதனைக் கோப்பு பழுதாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

4. அந்த நஞ்சை வெளியே எடுக்கும் வரி, பொது மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டித் தரும் பொதிக்குள் மட்டுமே இருந்தது. அதுவும் டெபியன், பெடோரா போன்ற லினக்ஸ் வகைகளுக்குரிய பொதியாகக் கட்டமைக்கும்போது மட்டும்தான் விழித்துக்கொள்ளும்.

5. தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கதவுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. சில லினக்ஸ் வகைகள் வேறொரு வசதிக்காக எஸ்எஸ்எச்சோடு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டீயின் லைப்ரரியை இணைத்திருந்தன; அது எக்ஸ்இசட்டைக் கூட்டிவந்தது. விளைவு, குறிப்பிட்ட இரகசியச் சாவி வைத்திருப்பவர் எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல் அந்தச் சேர்வரில் கட்டளை கொடுக்கலாம்.

இது பிடிபட்டது எந்தப் பாதுகாப்புக் கருவியாலும் அல்ல. மைக்ரோசொப்டில் வேலை செய்யும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர்களில் ஒருவரான அன்ட்ரெஸ் பிராயின்ட் வேறொரு வேக அளவீட்டுக்காகத் தன் கணினியை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவு ஏறக்குறைய 0.3 செக்கனுக்குப் பதிலாக 0.8 செக்கன் எடுத்தது. அரைச் செக்கன். நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்? அவர் விடாமல் தோண்டி, 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அபாய அளவில் அதற்குக் கிடைத்த புள்ளி 10க்கு 10. நல்லவேளையாக அந்தப் பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலை லினக்ஸ்களில்தான் ஏறியிருந்தன. நிலையான டெபியன் தப்பியது.

கறித்தூள் கணக்கில் சொன்னால், மிளகாயைக் காயவைத்த பாயைச் சுற்றி நின்று எல்லோரும் பார்த்தார்கள். கலப்படம் நடந்தது மில்லுக்குள். அதைச் செய்தவரோ இரண்டு ஆண்டுகளாக மில்லுக்காரருக்கு ஒத்தாசை செய்துவந்த ஆள்.

(மூலநிரலைப் பார்த்தால் மட்டும் போதாது என்பது புதிய ஞானம் அல்ல. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், தனக்குக் கிடைத்த டியூரிங் விருது உரையிலேயே இதை விளக்கினார். அந்த உரை அச்சில் வந்தது 1984இல்: கட்டமைக்கும் கருவியே கெட்டிருந்தால், சுத்தமான மூலநிரலிலிருந்தும் கெட்ட மென்பொருள்தான் வரும்.)

வேறு இரண்டு வழிகள்

*உள்ளே இருப்பது தெரியாமல் போவது.* 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற ஜாவா கூறில் ஓட்டை வெளியானது. நடப்பதைப் பதிவுக் கோப்பில் எழுதி வைப்பதுதான் அந்தக் கூறின் வேலை. ஒரு கணக்குப்பிள்ளை போல. ஆனால் பதியச் சொன்ன வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், எழுதுவதோடு நிற்காமல் அந்த முகவரிக்குப் போய் அங்கே கொடுப்பதை வாங்கி ஓட்டியும்விடும். தளத்தின் தேடல் பெட்டியில் அந்த வரியைத் தட்டினாலே போதும்.

திருத்தம் டிசம்பர் 10ஆம் திகதி அளவிலேயே வந்துவிட்டது. அதிலும் குறை இருந்து அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன என்பது வேறு கதை. பெரும்பாலான அலுவலகங்களுக்கு அந்த வாரம் பறிபோனது திருத்துவதில் அல்ல, தேடுவதில். "நம்மிடம் லொக்4ஜே இருக்கிறதா?" என்ற கேள்விக்கே பதில் இல்லை. பாதிக்கப்பட்ட ஜாவா பொதிகளில் பெரும்பாலானவை அதை நேரடியாக எடுக்கவில்லை, இன்னொன்றின் ஊடாகவே இழுத்திருந்தன என்று கூகுள் அப்போது செய்த ஆய்வு சொன்னது.

*சாவி திருட்டுப் போவது.* 2025 செப்டெம்பர் 8 அன்று, என்பிஎம்மில் சோக், டிபக் உட்பட 18 பொதிகள் கைமாறின. அவற்றின் மொத்தப் பதிவிறக்கம் வாரத்துக்கு 200 கோடிக்கு மேல். நடந்தது மிகப் பழைய தந்திரம்: களஞ்சியத்திலிருந்து வருவதுபோல ஒரு மின்னஞ்சல், "உங்கள் இரட்டை உறுதிப்படுத்தலைப் புதுப்பியுங்கள்" என்று. களைத்துப்போன ஒரு பராமரிப்பாளர் சொடுக்கிவிட்டார். புதிதாக ஏறிய நிரல், உலாவியில் நடக்கும் கிரிப்டோ பணப் பரிமாற்றத்தில் பெறுநரின் முகவரியை மாற்றிவிடும். இரண்டு மணிநேர அளவில் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே "ஷாய்-ஹுலுட்" என்று பெயர் வைத்த புழு ஒன்று, ஒரு உருவாக்குநரின் கணினியில் கிடைத்த சாவியை வைத்து அவருடைய மற்றப் பொதிகளுக்கும் தானாகவே தொற்றி, 500க்கும் மேற்பட்ட பொதிகளைக் கெடுத்தது.

பரிகாரங்கள்: ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கிறது?

சந்தையில் இப்போது "மென்பொருள் விநியோகச் சங்கிலிப் பாதுகாப்பு" என்ற பெயரில் நிறைய விற்கிறார்கள். எது எந்த நோய்க்கு மருந்து என்று தெரியாமல் வாங்கினால் காசுதான் போகும்.

1. உள்ளடக்கப் பட்டியல். தொழிலில் எஸ்பொம் என்பார்கள். பிஸ்கட் பக்கெட்டின் பின்னால் சேர்மானம் அச்சிட்டிருப்பது போல, மென்பொருளுக்குள் இருக்கும் கூறுகள், பதிப்பு எண்கள், ஒன்றுக்கொன்று உள்ள தொடர்பு எல்லாம் கருவி வாசிக்கக்கூடிய வடிவில். எஸ்பிடிஎக்ஸ், சைக்ளோன்டிஎக்ஸ் என்று இரண்டு வடிவங்கள் நிலைத்திருக்கின்றன. 2021 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதியின் ஆணை ஒன்று, அரசுக்கு விற்கும் மென்பொருளுக்கு இதைப் பேசுபொருளாக்கியது. லொக்4ஜே போன்ற நாளில் இது தங்கம்: தேடல் ஒரு வாரத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு வரும். எக்ஸ்இசட் போன்ற நாளில் இது "உங்களிடம் 5.6.1 இருக்கிறது" என்று மட்டும் சொல்லும், அதுவும் உலகம் அதைக் கெட்டது என்று அறிந்த பிறகு. சேர்மானப் பட்டியலில் யாரும் "கலப்படம்" என்று அச்சிடுவதில்லை.

2. டிஜிட்டல் கையொப்பம். பொதி இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் மாறவில்லை என்பதற்கு அத்தாட்சி. முன்பு இதற்குச் சாவியைப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது, அதனாலேயே பலர் செய்யவில்லை. 2021இல் வந்த சிக்ஸ்டோர் அந்தச் சுமையைக் குறைத்தது: சில நிமிடங்களே செல்லுபடியாகும் சான்றிதழ், யார் எதற்குக் கையொப்பமிட்டார் என்று எல்லோரும் பார்க்கக்கூடிய, அழிக்க முடியாத பதிவேடு. நல்ல ஏற்பாடு. ஆனால் நஞ்சு கலந்த எக்ஸ்இசட் பொதிகளிலும் முறையான கையொப்பம் இருந்தது. போட்டவர் ஜியா டான். வழியில் யாரும் பொதியை உடைக்கவில்லை என்று முத்திரை சொல்லும். பொதிந்தவரின் மனத்தைச் சொல்லாது.

3. பிறப்புச் சான்று. எந்த மூலநிரலிலிருந்து, எந்த இடத்தில், எந்தக் கட்டளைகளால் இந்தப் பொதி கட்டமைக்கப்பட்டது என்பதைக் கட்டமைக்கும் சேர்வரே எழுதிக் கையொப்பமிடுவது. இதற்கான படிநிலைகளைச் சல்சா என்ற சட்டகம் வகுக்கிறது. கூகுள் 2021இல் முன்வைத்தது, முதலாம் முழுப் பதிப்பு 2023இல் வந்தது. முதற்படியில் சான்று இருந்தால் போதும். இரண்டாம் படியில் அதற்குக் கையொப்பம் வேண்டும். மூன்றாம் படியில் கட்டமைக்கும் இடத்துக்குள்ளேயே யாரும் கைவைக்க முடியாதபடி பிரித்து வைத்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் தன் மடிக்கணினியில் கட்டிய பொதியை அப்படியே ஏற்றுவதை இது கேள்விக்குள்ளாக்குகிறது. எக்ஸ்இசட்டில் அந்த ஒரு வரி நுழைந்தது துல்லியமாக அந்த இடைவெளியில்தான்.

4. மீளக் கட்டமைத்துப் பார்த்தல். எனக்குப் பிடித்தது இது. செத்தலில் பாதியை வெள்ளவத்தை மில்லிலும் மீதியைக் கொட்டாஞ்சேனை மில்லிலும் அரைத்து, இரண்டு தூளும் ஒன்றா என்று பார்ப்பது. மென்பொருளில் "ஒன்று" என்றால் கடைசி பைட் வரை ஒன்று. கேட்க எளிது, செய்யக் கடினம்: கட்டமைத்த நேரம், கோப்புறையின் பெயர், கோப்புகள் வாசிக்கப்பட்ட வரிசை ஆகியவைகூடப் பொதிக்குள் புகுந்து வித்தியாசம் காட்டும். டெபியன் சமூகம் 2013 முதல் இவற்றை ஒவ்வொன்றாகக் களைந்து வருகிறது. டோர் உலாவியும் பிட்கொய்ன் மென்பொருளும் அதற்கு முன்னரே தொடங்கிவிட்டன. மில் கெட்டிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். மில்லுக்குக் கொடுத்த மிளகாயே கெட்டிருந்தால் இரண்டு மில்லும் ஒரே கெட்ட தூளைத்தான் தரும். எக்ஸ்இசட்டில் வெளியீட்டுப் பொதியையே மூலமாக எடுத்தவர்களுக்கு இது மட்டும் உதவியிருக்காது. அந்தப் பொதியைப் பொது மூலநிரலோடு ஒப்பிட்டிருந்தால் அந்நிய வரி தெரிந்திருக்கும்.

5. களஞ்சியக் கட்டுப்பாடு. இரட்டை உறுதிப்படுத்தலைப் பைபிஐ 2024 தொடக்கத்திலிருந்து கட்டாயமாக்கியது. நீண்டகாலச் சாவியே இல்லாமல், கட்டமைக்கும் சேர்வரிலிருந்து நேரடியாக வெளியிடும் முறையும் வந்திருக்கிறது. திருட ஒன்றும் இல்லாவிட்டால் திருட்டும் இல்லை.

6. ஆட்கள். இதற்குக் கருவி இல்லை. பராமரிப்பாளர் ஒருவரா, மூவரா? கடைசி வெளியீடு எப்போது? வந்த ஓட்டை அறிக்கைகளுக்குப் பதில் வருகிறதா? திறந்த மூலப் பாதுகாப்புக்கான ஓபன்எஸ்எஸ்எப் அமைப்பின் ஸ்கோர்கார்ட் என்ற கருவி இவற்றில் சிலவற்றை எண்ணிப் புள்ளி போடும். ஆனால் 2022இல் எக்ஸ்இசட் பராமரிப்பாளருக்குத் தேவைப்பட்டது புள்ளி அல்ல, சம்பளமும் ஓய்வும், நம்பக்கூடிய இரண்டாவது ஆளும்.

மேலே உள்ள முதல் ஐந்தும் பொதி வந்த பாதையைப் பற்றிய சான்றுகள். ஆறாவது, அந்தப் பாதை தொடங்கும் வீட்டைப் பற்றியது. ஐந்துக்கும் விற்பனையாளர் இருக்கிறார், ஆறாவதற்கு இல்லை. அதனால்தான் அது எல்லாப் பட்டியலிலும் கடைசியில் நிற்கிறது, இந்தக் கட்டுரையிலும் உட்பட.

உடனே அப்டேட் செய்வதா, பொறுப்பதா?

லொக்4ஜே சொன்ன பாடம்: திருத்தம் வந்த அன்றே ஏற்று. என்பிஎம் சொன்ன பாடம்: புதிதாக வந்ததை அன்றே ஏற்றாதே. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதுபோலத் தோன்றும். பலர் குழம்புவதும் இங்கேதான்.

முடிச்சை அவிழ்ப்பது இப்படி. புதிய பதிப்புகள் இரண்டு காரணத்துக்காக வருகின்றன. அறிவிக்கப்பட்ட ஓட்டைக்குத் திருத்தமாக வருவது ஒன்று. அதற்கு சிவிஇ எண் (வெளியான ஓட்டைகளுக்கு உலகளவில் கொடுக்கும் அடையாள எண்) இருக்கும், அறிவிப்பு இருக்கும், பலர் பார்த்திருப்பார்கள். அதை உடனே ஏற்ற வேண்டும். வழமையான புதுப்பிப்பு மற்றது. அதற்கு ஒரு வாரம் பொறுத்தால் எதுவும் குடிமுழுகாது. களஞ்சியத்தில் ஏறும் நஞ்சுப் பொதிகளில் பல, சில மணிநேரத்திலோ சில நாளிலோ பிடிபடுகின்றன; செப்டெம்பர் 8 அன்று ஏறியது இரண்டு மணிநேரம்கூடத் தாக்குப்பிடித்ததா என்ற அளவில்தான் இருந்தது. அந்த நேரத்தில் கட்டமைத்தவர்கள் மாட்டினார்கள். மறுநாள் கட்டமைத்தவர்களுக்குச் செய்தி மட்டும்தான்.

இதைக் கையால் செய்யத் தேவையில்லை. பூட்டுக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது: எந்தக் கூறு, எந்தப் பதிப்பு, அதன் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) என்ன என்று எழுதி வைக்கும் கோப்பு. அதைத் திட்டத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்தி, கட்டமைக்கும் சேர்வர் அதை மீறாமல் எடுக்கும்படி கட்டளை கொடுத்தால், நாம் சொல்லாமல் புதியது உள்ளே வராது. எக்ஸ்இசட்போல வாரக்கணக்கில் மறைந்திருப்பதற்கு இந்தப் பொறுமை உதவாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐரோப்பியச் சட்டம் கொழும்பில் ஏன் கேட்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கடமைகள் கட்டம் கட்டமாகத் தொடங்குகின்றன: அறிக்கையிடும் கடமை 2026 செப்டெம்பர் 11 முதல், மற்றவற்றில் பெரும்பாலானவை 2027 டிசம்பர் 11 முதல். ஐரோப்பியச் சந்தையில் விற்கப்படும் டிஜிட்டல் பொருள் எங்கே எழுதப்பட்டது என்று அது பார்ப்பதில்லை. கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கு முக்கியமானவை இவை:

1. பொருளில் உள்ள ஓட்டை ஒன்று தாக்குதலுக்குப் பயன்படுவது தெரிந்தால் 24 மணிநேரத்துக்குள் முன்னெச்சரிக்கை, 72 மணிநேரத்துக்குள் விரிவான அறிவிப்பு. போயா விடுமுறை என்று சொல்ல முடியாது.

2. குறைந்தபட்சம் நேரடிச் சார்புகளையாவது காட்டும் உள்ளடக்கப் பட்டியல் வைத்திருக்க வேண்டும்.

3. திறந்த மூலக் கூறை எடுத்துப் போட்டால், அதை உரிய கவனத்தோடு தேர்ந்தீர்களா என்ற பொறுப்பு உற்பத்தியாளருடையது. "இணையத்தில் கிடைத்தது" என்பது விடையாகாது. அந்தக் கூறில் ஓட்டை கண்டால் அதன் பராமரிப்பாளருக்கும் சொல்ல வேண்டும்.

4. முக்கிய கடமைகளை மீறினால் 1.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 2.5 சதவீதம் வரை, எது அதிகமோ அது தண்டம்.

வணிக நோக்கமில்லாமல் திறந்த மூல நிரல் எழுதிப் பகிரும் தனி ஆளை இந்தச் சட்டம் பிடிப்பதில்லை. முதல் வரைவைப் பார்த்துப் பயந்த சமூகங்கள் சத்தம் போட்டதால் அந்த இடம் தெளிவாக்கப்பட்டது. சுமை, அதை வைத்துக் காசு பார்ப்பவர்மேல்தான். நியாயமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

கொழும்பு எடுக்கும் இடம் மட்டுமல்ல

திறந்த மூலத்தை நாம் வெளியிலிருந்து எடுப்பவர்கள் மட்டுமே என்று நினைத்தால் தவறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய இங்குள்ள தொண்டர்கள் சில வாரங்களில் எழுதியதுதான் சஹானா. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் என்று அது பிற நாடுகளுக்கும் போனது. 2005இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் திறந்த மூல இடைமென்பொருளை (வேறு வேறு செயலிகளை ஒன்றோடொன்று இணைப்பது) உலகெங்கும் வங்கிகளும் அரசுகளும் பயன்படுத்துகின்றன.

பயன்படுத்துவோர் இருந்தால் தாக்குவோரும் வருவார்கள். 2022 ஏப்ரலில், டபிள்யூஎஸ்ஓ2வின் பல தயாரிப்புகளில் எவரும் கோப்பை ஏற்றி சேர்வரைக் கைப்பற்றக்கூடிய ஓட்டையின் விவரம் பொதுவெளிக்கு வந்தது. அபாயப் புள்ளி 9.8. திருத்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஏற்றாதவர்கள்மேல் சில நாட்களிலேயே தாக்குதல் தொடங்கியது. ஓட்டையைக் கண்டவர் நிறுவனத்துக்குச் சொல்கிறார், நிறுவனம் திருத்துகிறது, எண் கொடுத்து அறிவிக்கிறது. இதில் அவமானம் எதுவும் இல்லை. எந்த ஓட்டையும் அறிவிக்காத பெரிய மென்பொருளைப் பார்த்தால்தான் நான் யோசிப்பேன்.

மூடிய மூலம் என்றால் நிம்மதி என்பவர்களுக்கு 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினி வலையமைப்பில் நடந்ததை நினைவூட்டலாம். கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்கியதில் ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்களைத் திருப்பி எடுக்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்தது காசு கொடுத்து வாங்கும் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் சேர்வர் மென்பொருள். அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது.

அலுவலகத்தில் எங்கே தொடங்குவது?

கேள்விக்கொத்து மேசைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு பிற்பகலில் செய்யக்கூடியவை இருக்கின்றன.

1. பூட்டுக் கோப்பைத் திறந்து எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த எண்ணிக்கையே கூட்டத்தை அமைதியாக்கிவிடும்.

2. ட்ரிவி, சிஃப்ட் போன்ற இலவசக் கருவி ஒன்றால் உள்ளடக்கப் பட்டியலை எடுங்கள். ஒருமுறை எடுத்து மின்னஞ்சலில் இணைத்தால் போதாது. ஒவ்வொரு கட்டமைப்பின்போதும் தானாக வரும்படி வையுங்கள். போன வருடப் பட்டியல் போன வருட மென்பொருளுக்குத்தான்.

3. பட்டியலை ஓஎஸ்வி போன்ற திறந்த ஓட்டைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். நூறு எச்சரிக்கை வரும். பயப்படாமல், இணையத்துக்கு முகம்கொடுக்கும் பகுதியில் உள்ளவற்றை முதலில் எடுங்கள்.

4. பயன்படுத்தாத கூறுகளை நீக்குங்கள். திகதியை வடிவமைக்க மட்டும் எடுத்த பெரிய லைப்ரரி, மூன்று வருடத்துக்கு முன் யாரோ பரீட்சித்துப் பார்த்துவிட்டு மறந்தது. இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு இது, ஆனால் யாரும் விற்பதில்லை என்பதால் யாரும் பேசுவதுமில்லை.

5. மிஞ்சுவதில் எது உடைந்தால் நம் பொருளே நின்றுவிடும் என்று ஐந்தைத் தேர்ந்து, அவற்றின் பராமரிப்பாளர் பக்கத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து வாசியுங்கள். ஐந்தில் ஒன்றிலாவது, "நேரம் போதவில்லை, உதவிக்கு ஆள் தேவை" என்ற பாணியில் ஒரு குறிப்பு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தக் கூறுக்கு மாதம் ஒரு நாள் உங்கள் பொறியியலாளர் ஒருவரை ஒதுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். முடியும் என்றால், அவர் முதலில் அனுப்ப வேண்டியது புதிய வசதி அல்ல; தேங்கிக் கிடக்கும் ஓட்டை அறிக்கைகளில் ஒன்றுக்கான திருத்தமும், அது வேலை செய்கிறது என்று காட்டும், எவரும் திறந்து வாசிக்கக்கூடிய ஒரு சோதனைக் கோப்பும்.